ஜெட் டிரைவர் கிடைக்காமல் நின்ற ஸ்கிரிப்ட்

அம்பாசமுத்திரத்தில் மாமாவின் அரிசி மில்லில் நெல் வரவு எல்லாம் பழைய ஆக்சஸ் டேட்டாபேஸான எம்டிபி ஃபைலில்தான். எக்ஸ்பி கம்ப்யூட்டர் போய் 64 பிட் விண்டோஸ் 7 வந்ததும், அந்த ஃபைலைப் படிக்கும் என் விபிஸ்கிரிப்ட் (சின்ன புரோகிராம்) ‘புரொவைடர் இல்லை’ என்று நின்றுவிட்டது. ஃபைல் இருக்கும் இடம், பாஸ்வேர்டு எல்லாம் சரி. இரண்டு சாயங்காலம் அதிலேயே போனது.

அது தேடிய புரொவைடர், எம்டிபி ஃபைலைத் திறக்கும் ஜெட் 4.0 டிரைவர்; அது 32 பிட்டில் மட்டும்தான் உண்டு. டபுள் கிளிக் செய்தால் ஸ்கிரிப்டை ஓட்டுவதோ 64 பிட் புரோகிராம்; அதற்கு 32 பிட் டிரைவர் ஒத்துவராது. பெயர்தான் ஆளைக் குழப்புகிறது: சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64-இல் இருப்பது 32 பிட்! சிஸ்வாவ்64-க்குள் இருக்கும், ஸ்கிரிப்டை ஓட்டும் சிஸ்கிரிப்ட் புரோகிராமை முழுப் பாதையோடு அழைத்தேன், உடனே ஓடியது. அப்புறம் அந்த வரியையே பேட்ச் (.bat) ஃபைலாக்கி டெஸ்க்டாப்பில் வைத்தேன். ஓடிபிசி டிஎஸ்என் (டேட்டாபேஸ் இணைப்பைப் பெயர் வைத்துச் சேமிப்பது) என்றாலும் அதே சிஸ்வாவ்64 ஃபோல்டரில் உள்ள ஓடிபிசிஏடி32 புரோகிராமைத் திறந்துதான் சேர்க்க வேண்டும்.

பிசானப் பருவ நெல் மூட்டைக் கணக்கை மாமா அன்றைக்கே பிரிண்ட் எடுத்துவிட்டார்.