செயலிகளை இணைக்கும்போது எந்தக் கணக்கின் உரிமை செல்கிறது?

இரண்டு திட்ட மேலாண்மைச் செயலிகளை இணைக்கையில், ‘அனுமதி’ பொத்தானை அழுத்துவதற்கு முன் எந்தக் கணக்கில் உள்நுழைந்திருக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். ஒரு செயலி மற்றொன்றை உங்கள் சார்பில் அணுக அனுமதி தரும், 2012இல் வெளியான ஓஆத் (OAuth) 2.0 முறையையே இன்று பல செயலிகள் பின்பற்றுகின்றன. இதில் உங்கள் கடவுச்சொல் மற்றச் செயலியிடம் போவதில்லை. உங்கள் பெயரில் செயல்படும் டோக்கன் (அனுமதிச்சீட்டு போன்ற ஒரு குறியீடு) ஒன்றே போகிறது.

அந்த டோக்கனுக்கு இரண்டு எல்லைகள் உண்டு: இணைக்கும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட அணுகல் வரம்பு, உங்கள் கணக்குக்கு ஏற்கெனவே உள்ள உரிமை. இரண்டும் இடம் கொடுப்பதை மட்டுமே செயலியால் செய்ய முடியும். திட்ட மேலாண்மைச் செயலியான ஜிராவில் எழுதும் வரம்பை அளித்திருந்தாலும், ஒரு புராஜெக்டில் பணிகளைத் திருத்தும் உரிமை உங்களுக்கு இல்லையெனில், உங்கள் பெயரில் வரும் செயலிக்கும் அது கிடையாது.

சிக்கல் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் எழுகிறது. அவசரத்தில் நிர்வாகி தம் கணக்கைக் கொண்டே இணைத்துவிட்டால், அவருக்கு மட்டும் தெரிய வேண்டிய புராஜெக்டுகளும் ஒத்திசைவில் (இரு செயலிகளும் தகவலைப் பகிர்வதில்) சேர்ந்துவிடக்கூடும். அப்படி மறுபக்கம் சென்ற தகவலை யார் பார்க்கலாம் என்பதை அங்குள்ள அமைப்புகளே தீர்மானிக்கும், மூலச் செயலியின் கட்டுப்பாடு அங்கே செல்லாது. இணைத்து முடித்ததும் சாதாரண உறுப்பினர் ஒருவரின் கணக்கில் நுழைந்து, என்னென்ன தெரிகிறது என்று சரிபார்ப்பது நல்லது.

ஆகவே இணைப்புக்கென்றே தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, தேவையான புராஜெக்டுகளில் மட்டும் அதைச் சேருங்கள். கூடுதலாக ஒரு பயனருக்கான கட்டணம் சேரலாம்; என் கணிப்பில் அது வீண்செலவு அன்று. ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கில் இணைத்திருந்தால், அவர் விலகி அந்தக் கணக்கு முடக்கப்படும் நாளில் ஒத்திசைவும் நின்றுவிடும். அதுவரை செயலி இடும் குறிப்புகளும் அவர் எழுதியவைபோலத் தோன்றும்.

ஒப்புதல் பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். டிரெல்லோ என்ற திட்ட மேலாண்மைச் செயலியில் படித்தல், எழுதுதல், கணக்கு என வரம்புகள் தனித்தனியே உள்ளன. டோக்கனின் ஆயுளும் 1 மணி நேரம், 1 நாள், 30 நாள், காலவரையற்றது என மாறும். அறிக்கை மட்டும் தயாரிக்கும் செயலிக்குப் படிக்கும் உரிமை போதும். அது எழுதும் உரிமையையும் கேட்டால் காரணம் தெரியாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இணைப்பை நீக்கும்போது, அனுமதி பெற்ற செயலியில் துண்டிப்பதோடு நிறுத்தாமல், அனுமதி அளித்த செயலியின் கணக்கு அமைப்புகளுக்குச் சென்று அங்கும் ரத்து செய்யுங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலே டோக்கன் செயலிழந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பல செயலிகளில் அது தொடர்ந்து செல்லுபடியாகும்.