குழந்தைப் பாதுகாப்புச் சேவையைக் குழந்தைக்குப் புரியவைப்பது எப்படி?

குழந்தைப் பாதுகாப்புச் சேவையிலிருந்து வீட்டுக்குச் சமூகப் பணியாளர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், பெரியவர்கள் பலர் குழந்தையிடம் எதையும் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். அல்லது, அதைவிடக் கேடாக, "சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் அவர்கள் உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்று மிரட்டுகிறார்கள். இப்படி அச்சுறுத்தப்பட்ட குழந்தை, உதவி தேவைப்படும் நாளில் அந்தப் பணியாளரிடமே வாய் திறக்கத் தயங்கும். நீங்கள் எப்போதாவது அவ்வாறு சொல்லியிருந்தால், அது தவறு என்று குழந்தையிடம் ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

சேவை இன்னதென்று விளக்க நீண்ட உரை தேவையில்லை. "குழந்தைகள் எல்லோரும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். ஒரு வீட்டில் குழந்தைக்கு அடியோ பயமோ பசியோ இருக்குமோ என்று யாராவது கவலைப்பட்டால், அங்கே வந்து பேசி, என்ன உதவி வேண்டும் என்று பார்ப்பது இவருடைய வேலை." ஐந்து வயதுக் குழந்தைக்கு இது போதும். வளர்ந்த பிள்ளைகளிடம், ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையைப் பற்றியும் சொல்லலாம். அதன் 19-ஆம் பிரிவு, வன்முறையிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் குழந்தைகளைக் காப்பதை அரசுகளின் கடமையாக்குகிறது. 12-ஆம் பிரிவு, தங்களைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது.

அடுத்து, நடக்கக்கூடியவற்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பணியாளர் குழந்தையுடன் தனியாகப் பேசலாம், அது தூங்கும் இடத்தைப் பார்க்கலாம், ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ விசாரிக்கலாம். கேள்விக்கு விடை தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லலாம் என்பதையும், யாருக்காகவும் எதையும் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் தெளிவாக்குங்கள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்; அது குழந்தையின் மீது ஏற்றப்படும் பெருஞ்சுமை.

இவ்வளவையும் கேட்ட பிறகும் குழந்தையின் மனத்தில் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கும்: "இதெல்லாம் என்னால்தானே?" சிறு குழந்தைகள் தங்களைச் சுற்றி நடப்பவற்றுக்குத் தாங்களே காரணம் என்று நம்பிவிடும் இயல்புடையவர்கள், அடியைப் பற்றி ஆசிரியரிடம் சொன்ன பிள்ளையோ, குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகக் குமைந்துகொண்டிருக்கும். இக்கேள்வியைக் குழந்தை கேட்கும்வரை காத்திருக்காமல், நீங்களே எடுத்துப் பேசுங்கள். "நீ தவறு எதுவும் செய்யவில்லை. சொன்னது சரியான காரியம். உன்னைப் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் பொறுப்பு" என்று சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் மனத்தில் நிற்காது. அதே கேள்வி உறங்கும் நேரத்திலோ விளையாட்டின் நடுவிலோ மீண்டும் வரும்போது சலிக்காமல் அதே விடையைச் சொல்ல வேண்டும். அதே வேளையில், தாயையோ தந்தையையோ கெட்டவர் என்று பழிக்காதீர்கள். தன்னை அடித்தவரைக் கூட நேசிக்கும் குழந்தைக்கு அந்த நேசத்தை விட்டுவிட வேண்டிய கட்டாயம் வரக்கூடாது.

"என்னை அழைத்துச் சென்றுவிடுவார்களா?" என்று கேட்டால், உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு சொல்வதை எளிய மொழியில் கூறலாம்: குழந்தையின் நன்மைக்குத் தேவையென்று உரிய அதிகாரிகள் முடிவு செய்தாலொழியப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது; பிரிந்திருந்தாலும், குழந்தைக்குத் தீங்கில்லாதவரை, அவர்களைத் தொடர்ந்து சந்திக்கலாம். உறவினர் வீட்டிலோ வளர்ப்புக் குடும்பத்திலோ தங்க நேர்ந்தால், அது தண்டனை இல்லை என்று சொல்லி, பிடித்த பொம்மையையும் போர்வையையும் உடன் எடுத்துச் செல்ல முடியுமா என்று பணியாளரிடம் நீங்களே கேளுங்கள். "நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்" என்று உங்கள் கையில் இல்லாத வாக்கைக் கொடுக்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கும் அப்படிப்பட்டதே. "உன்னைப் பாதுகாக்க யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன், அதை உனக்குத் தெரிவிப்பேன்" என்பதுதான் நேர்மையான விடை.

பேசி முடித்ததும், கேட்டதைத் தன் சொற்களிலோ படமாகவோ குழந்தை திருப்பிச் சொல்லட்டும். எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். மறுநாள் அந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள்.