உடைந்த ரெய்டில் ‘கிரியேட்’ தட்டாதீர்கள்: வீட்டுக் கணினியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் கணினி பழுது பார்க்கும் இடத்துக்கு அடிக்கடி யாராவது நான்கு ஹார்ட்டிஸ்க்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். “அண்ணே, ரெய்ட் போயிருச்சு” என்பார்கள். பல ஹார்ட்டிஸ்க்கைச் சேர்த்து ஒரே டிஸ்க் போல ஓடவைக்கும் அமைப்புதான் ரெய்ட். டிஸ்க் போனதை என்னால் தாங்கிக்கொள்ள முடியும். இயந்திரம் என்றால் ஒருநாள் போகத்தான் செய்யும். போன பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்கும்போதுதான் வயிறு எரிகிறது. 2013-இல் நானே செய்த அதே காரியத்தைத்தான் இன்னமும் செய்துவிட்டு வருகிறார்கள்.

பேக்கப் எடுங்கள், ரெய்டைப் பேக்கப் என்று நம்பாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்தது. பேக்கப் இல்லாமல் மாட்டிக்கொண்டவருக்கு அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். பெரும்பாலும் லினக்ஸ் ரெய்டைப் பற்றியே பேசுகிறேன். என்னிடம் வருபவை அவைதான்.

கம்பியைப் பார்க்காமல் டிஸ்க்கைப் பழிப்பது

இரண்டு டிஸ்க் ஒரே நொடியில் விழுந்தால், இரண்டும் ஒன்றாகச் செத்தன என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பவர் சப்ளை, சாட்டா கேபிள், இரண்டுக்கும் பொதுவாகப் போகும் மின்பிரிப்பான், இவற்றை முதலில் பாருங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையில் 199-ஆம் எண் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. 5, 197, 198 ஏறியிருந்தால் டிஸ்க்கின் தட்டிலேயே சிக்கல். இங்கே ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி இடித்து மின்சாரம் போய் வந்த மறுநாள் என் தொலைபேசி ஓயாது. அன்று வரும் டிஸ்க்குகளில் பல நல்ல நிலையில்தான் இருக்கும்.

எண் குறிக்காமல் கழற்றுவது

காகித டேப்பில் சீரியல் எண்ணையும் எந்த போர்ட் என்பதையும் எழுதி ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் அடுத்த பூட்டில் இடம் மாறிவிடலாம்.

‘கிரியேட்’

இதுதான் அந்தத் தவறு.

செந்தூலில் கல்யாணப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவர். வீட்டுக் கணினியில் நான்கு 4 டிபி டிஸ்க், ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்ட் 5 வகை, பயன்படுத்த 12 டிபி. மார்ச் மாதம் ஒரு டிஸ்க் ரெய்டிலிருந்து கழன்று விழுந்திருக்கிறது. ரெய்ட் 5 என்பதால் மீதி மூன்றை வைத்து எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. அக்டோபரில் ஓர் இடிமழைச் சாயங்காலம் மின்சாரம் போய் வந்ததும் இன்னொன்றும் விழுந்தது. ரெய்ட் நின்றுவிட்டது. வீட்டில் கணினி படிக்கும் அக்கா மகன் இருக்கிறான். எங்கேயோ பார்த்து, லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டி-ஆடம் கட்டளையில் ‘கிரியேட்’ போட்டு நான்கு டிஸ்க்கின் பெயரையும் வரிசையாகத் தட்டிவிட்டான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து எனக்குப் போன் செய்தான். “அங்கிள், ரெய்ட் எழுந்துருச்சு, 18 சதவீதம் ரீபில்டும் ஆயிருச்சு. ஆனா மவுண்ட் ஆக மாட்டேங்குது, ஃபைல் எதையும் திறக்க முடியல.”

“தம்பி, முதல்ல மெஷினை நிறுத்து. இப்பவே.”

அவன் தட்டியபோது அது எச்சரிக்கத்தான் செய்தது. இந்த டிஸ்க்குகள் ஏற்கெனவே ஒரு ரெய்டைச் சேர்ந்தவை போலத் தெரிகிறது, தொடரலாமா என்று கேட்கும். அவன் ‘ஒய்’ போட்டான். எல்லோரும் ‘ஒய்’ போடுகிறார்கள். உடனே ‘ஸ்டார்ட்டட்’ என்று ஒரு வரி வரும். பார்ப்பவருக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். எனக்கு ஆத்திரம் வருவது அந்த ஒரு வரியின் மேல்தான்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ஒவ்வொரு டிஸ்க்கின் தலைப்பகுதியிலும் சூப்பர்பிளாக் என்ற சிறு குறிப்பு இருக்கிறது. நான் எத்தனையாவது டிஸ்க், தரவை டிஸ்க்குகளுக்குப் பிரித்துப் போடும் துண்டின் அளவு என்ன, தரவு எங்கே தொடங்குகிறது, கடைசியாக எத்தனையாவது நிகழ்வு வரை ரெய்டோடு இருந்தேன் என்பதெல்லாம் அதில் பதிவாகும். அந்த நிகழ்வு எண்ணுக்கு ‘ஈவென்ட்ஸ்’ என்று பெயர். ‘கிரியேட்’ போட்டதும் நான்கு குறிப்பும் அழிந்து புதிதாக எழுதப்படும். மார்ச்சிலேயே விழுந்த டிஸ்க்கும் அன்று சாயங்காலம் வரை ஓடிய டிஸ்க்கும் ஒரே தகுதிக்கு வந்துவிடும். எது பழசு என்று சொல்லும் சாட்சி அதோடு போயிற்று.

அடுத்த அடி இதைவிட மோசம். புதிதாக உருவாக்கிய ரெய்ட் 5-இல், கடைசியாகப் பெயர் சொன்ன டிஸ்க்கைக் காலியாக எண்ணிக்கொண்டு, மற்ற மூன்றிலிருந்து கணக்குப் போட்டு அதை நிரப்பத் தொடங்கும். அவன் சொன்ன ரீபில்ட் இதுதான். கணக்கு எளிது. மூன்று டிஸ்க்கில் ஒரே இடத்தில் 1, 0, 1 இருந்தால் நான்காவதில் 0 வரும். நான்கிலும் சேர்த்து 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கும் ஒத்துப்போகிற டிஸ்க்காக இருந்தால் இந்த நிரப்பலால் பெரிய கேடு வராது; இருந்ததையே திரும்ப எழுதும். இங்கே அந்த மூன்றில் ஒன்று மார்ச் மாதத்தோடு உறைந்துபோனது. அதைக் கூட்டிக் கழித்து வந்த விடை, ஏழு மாதமாக ஒழுங்காக ஓடிய ஒரு நல்ல டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 4 டிபியில் 18 சதவீதம் என்றால் 720 ஜிபி.

மீட்டபோது அந்தக் கணக்கு அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. மார்ச்சுக்கு முந்தைய படங்கள், பத்துமலைத் தைப்பூசம் உட்பட, ஏறக்குறைய எல்லாம் பிழைத்தன. அந்த இடங்களில் மார்ச்சில் விழுந்த டிஸ்க்கும் மற்றவையும் ஒத்துப்போயின. 18 சதவீதத்துக்கு அப்பால் இருந்த புதிய படங்களும் வந்தன. முதல் 18 சதவீதத்துக்குள் விழுந்த புதிய படங்கள்தான் போயின. ஆவணியில் நடந்த ஒரு கல்யாணம் முழுக்க அதில் மாட்டிக்கொண்டது. ஒரு படத்தைத் திறந்தேன். மணவறைத் தோரணம் தெளிவாக இருக்கிறது, ஒவ்வொரு மாவிலையும் தெரிகிறது. அதற்குக் கீழே, மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்க வேண்டிய இடம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். 512 கேபிக்கு ஒரு துண்டு; முதல் துண்டு நல்லது, அடுத்தது கெட்டது. அண்ணன் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

அவன் செய்திருக்க வேண்டியது இரண்டே வரி. முதலில் ‘எக்ஸாமின்’ போட்டு நான்கு டிஸ்க்கின் குறிப்பையும் ஒரு யுஎஸ்பியில் சேமித்துக்கொள்வது. அது எதையும் எழுதாது, படிக்க மட்டும் செய்யும். ஈவென்ட்ஸ் எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று கிட்டத்தட்டச் சமமாகவும் ஒன்று வெகு தூரம் பின்தங்கியும் இருந்திருக்கும். பின்தங்கியதைக் கழற்றி வைத்துவிட்டு, மற்ற மூன்றை மட்டும் கொடுத்து ‘அசெம்பிள்’, ‘ஃபோர்ஸ்’. நிகழ்வு எண்ணில் ஒன்றிரண்டு முன்பின் இருந்தால் ஃபோர்ஸ் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். பத்து நிமிட வேலை. ஒரு படம்கூடப் போயிருக்காது.

‘அஸ்யூம்-கிளீன் சேர்த்துக்கொண்டால் கிரியேட் போடலாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சொல் நிரப்பலை மட்டும்தான் தடுக்கும். டிஸ்க் வரிசை, துண்டின் அளவு, தரவு தொடங்கும் இடம், இவற்றில் ஒன்று பிசகினாலும் மேலே வருவது குப்பைதான். நான்கு டிஸ்க்கை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். துண்டு அளவு எம்டி-ஆடமின் பழைய பதிப்புகளில் 64 கேபி, பிறகு 512 கேபி. தரவு தொடங்கும் இடம் ஒரு காலத்தில் 1 எம்பி, பிந்தைய பதிப்புகளில் 128 எம்பி அளவு. 2013-இல் நான் விழுந்த குழி இதுதான். வேறொரு பதிப்பு இருந்த யுஎஸ்பியில் பூட் செய்து கிரியேட் போட்டேன். தரவு தொடங்கும் இடம் நகர்ந்துவிட்டது. மவுண்ட் ஆகவில்லை என்றதும், கோப்பு அமைப்பைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகேயை ஓட்டினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் சரி, சரி என்றேன். என் தங்கையின் நிச்சயதார்த்தப் படங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

ஏற்கெனவே கிரியேட் தட்டிவிட்டீர்களா? நிறுத்துங்கள். வரிசையைக் கண்டுபிடிக்க ஒரு வழி பாக்கி இருக்கிறது. கணினியின் சிஸ்டம் வேறொரு எஸ்எஸ்டியில் இருந்தால், பழைய பூட்டுகளின்போது லினக்ஸின் உட்கரு எழுதிவைத்த கெர்னல் பதிவில் ‘ஆபரேஷனல் ஆஸ் ரெய்ட் டிஸ்க் 0’ என்பது போல ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு வரி இருக்கும். செந்தூல் அண்ணன் வீட்டில் அதுதான் கைகொடுத்தது.

அப்போதும் அசல் டிஸ்க்கைத் தொடாமல், ஓவர்லே கோப்பு வைத்துச் சோதியுங்கள். படிப்பது டிஸ்க்கிலிருந்து நடக்கும். எழுதுவதெல்லாம் தனிக் கோப்புக்குப் போகும். வரிசை தப்பினால் கோப்பை அழித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம், 24-ஐயும்கூட.

மவுண்ட் ஆகவில்லை என்றதும் ரிப்பேர்

லினக்ஸின் எஃப்எஸ்சிகே, விண்டோஸின் செக்டிஸ்க் இரண்டும் எழுதும் கருவிகள். ரெய்ட் தப்பாகக் கூடியிருக்கும்போது ஓட்டினால், சரியாக இருப்பதையும் தப்பு என்று நினைத்து மாற்றி எழுதும். ரீட்-ஒன்லி என்று போட்டு மவுண்ட் செய்வதும் முழுப் பாதுகாப்பு இல்லை. கோப்பு அமைப்பு இஎக்ஸ்டி4 என்றால், அப்போதும் ஜர்னலில் பாக்கி இருக்கும் மாற்றங்களை டிஸ்க்கில் எழுதப் பார்க்கும். ‘நோலோட்’ சேர்த்துப் போடுங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘நோரெக்கவரி’.

விண்டோஸ் ‘இனிஷியலைஸ்’ கேட்டால்

கேன்சல். அது புது டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு தன் குறிப்பை அதில் எழுதப் பார்க்கிறது.

மதர்போர்டு ரெய்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் பயாஸ் அமைப்பு பழையபடி திரும்பி, ரெய்ட் என்று இருந்தது ஏஹெச்சிஐ ஆகிவிடலாம். டிஸ்க்குகள் தனித்தனியாகத் தெரியும், விண்டோஸ் இனிஷியலைஸ் கேட்கும். சில ரிங்கிட் பேட்டரி மாற்றி, பயாஸில் பழைய அமைப்பை வைத்தால் அப்படியே திரும்பி வந்த கணினிகளைப் பார்த்திருக்கிறேன். இனிஷியலைஸ் கொடுத்துவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நோயாளி டிஸ்க்கை வைத்தே ரீபில்ட்

ஒரு டிஸ்க் செத்து, இன்னொன்றில் 197 ஏறிக்கொண்டிருக்கும்போது புது டிஸ்க்கைப் போட்டு ரீபில்ட் தொடங்குவார்கள். ரீபில்ட் என்றால் மீதி எல்லா டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். வீட்டு உபயோக டிஸ்க்குகளின் விவரத்தாளில் படிக்க முடியாத பிழை 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒன்றுக்கு மேல் வராது என்று போட்டிருப்பார்கள். அது ஏறத்தாழ 12.5 டிபி. நடைமுறையில் பல டிஸ்க் அதைவிட நன்றாகவே நிற்கும், ஆனால் ஏற்கெனவே முனகும் டிஸ்க்கை அந்த நம்பிக்கையில் ஓட்டக் கூடாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டு டிஸ்க் ஒரு கெட்ட இடத்தைப் படிக்க நிமிடக்கணக்கில் முயலும். லினக்ஸ் வழக்கமாக 30 நொடிதான் பொறுக்கும். பிறகு டிஸ்க்கே செத்துவிட்டது என்று வெளியே தள்ளிவிடும். நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கான டிஸ்க்குகள் பெரும்பாலும் 7 நொடியில் கைவிடும்படி அமைக்கப்பட்டவை, அதனால் தப்பிக்கின்றன.

ஆகவே முதலில் நகல். கணினிக் கடைகள் இருக்கும் லோயாட் பிளாசாவில் போய் அதே அளவு, அல்லது பெரிய டிஸ்க் வாங்குங்கள். டிடி-ரெஸ்கியூ என்ற கருவியைக் கொண்டு நோயாளி டிஸ்க்கை அதில் நகலெடுங்கள். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பும். எதுவரை நகலானது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பைக் கட்டாயம் கொடுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரெய்டை நகலை வைத்துக் கூட்டுங்கள். செலவு கசக்கத்தான் செய்யும்.

ஃப்ரிட்ஜில் வைப்பது

குளிரவைத்தால் செத்த டிஸ்க் ஓடும் என்று சிலர் சொல்வார்கள். வைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் வெளியே எடுத்ததும் உள்ளே தண்ணீர் கோத்துவிடும்.

டக் டக் சத்தம்

பவரை எடுங்கள். இனி அது தூசியில்லாத அறை வைத்திருப்பவர்கள் வேலை.

ஏழு மாதம்

செந்தூலில் கிரியேட் தட்டியது தம்பிதான். ஆனால் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை ஒரு டிஸ்க் இல்லாமல் ரெய்ட் ஓடியது யாருக்கும் தெரியாமல் இருந்ததே, அதை நான் அண்ணனிடம் நேராகவே சொன்னேன். எம்டி-ஆடம் டிஸ்க் விழுந்தால் மெயில் அனுப்பும். அமைப்புக் கோப்பில் முகவரி இருக்க வேண்டும், கணினியிலிருந்து மெயில் வெளியே போகவும் வேண்டும். அவர் கணினியில் முகவரி இருந்தது. மெயில் அனுப்பும் வசதியை யாரும் அமைக்கவில்லை. ஏழு மாத எச்சரிக்கையும் கணினிக்குள்ளேயே ஒரு பெட்டியில் குவிந்து கிடந்தது.

அதைச் சரிசெய்துவிட்டு, ‘மானிட்டர்’ கட்டளையில் ‘டெஸ்ட்’ போட்டு ஒரு சோதனை மெயில் அனுப்பினேன். முதல் தடவை ஸ்பாமில் விழுந்தது. அதையும் சரிக்கட்டி மறுபடி அனுப்பி, அண்ணன் கைப்பேசி மேசையில் அதிர்ந்து, அவர் எடுத்துப் படித்துக் காட்டிய பிறகுதான் அன்று கிளம்பினேன். மணி பதினொன்று ஆகியிருந்தது.