தண்ணீர் பாட்டிலுக்கு எதற்குத் தேதி?

தண்ணீர் என்ன ஊசிப்போகிற பொருளா? அந்தத் தேதி முக்கியமாக பாட்டிலுக்குத்தான். பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் வழியாக வெளி வாசனை மெல்ல உள்ளே போகும், அதனால்தான் பினாயில், பெயின்ட் பக்கத்தில் மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலைத் திறந்தால் லேசாக அந்த வாடை அடிக்கும். வெயில் பட்டால் இன்னும் மோசம், பிளாஸ்டிக்கில் இருக்கும் ஆன்டிமனி என்ற வேதிப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1987இல் 2 வருடத் தேதி போடச் சொல்லிச் சட்டமே கொண்டுவந்தது, அப்புறம் அதை நீக்கியும் விட்டது. நம் ஊர் பாட்டில்களில் பெரும்பாலும் 6 மாதம். தேதி தாண்டிய மறுநாளே விஷமாகிவிடாது. சரி, கடையில் தேதியோடு இதையும் பாருங்கள்: வாசலில் வெயிலில் அடுக்கியதை விட்டுவிட்டு, உள்ளே நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். காரில் கிடந்து சூடானதா? செடிக்கு ஊற்றிவிடுங்கள்.