நரம்புச் சிதைவு நோய் ஆராய்ச்சிக்குப் போகும் வழி: குமரி மாவட்ட மாணவர்களுக்கு

பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நோய்களை ஆராய விரும்பும் மாணவர்கள் எந்தக் கல்லூரியில் சேரலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே தொடங்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: கண்ணில் படுவதைப் பொறுமையாகக் கவனித்து, தேதியோடு எழுதிவைப்பது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பார்க்கின்சன் நோய் வந்த என் தாத்தாவின் வலது கை மடியில் சும்மா கிடக்கும்போது, விரல்கள் மாத்திரை உருட்டுவதுபோல நடுங்கும். சாயா கிளாசை எடுத்ததும் நடுக்கம் அடங்கிவிடும். அவர் ஷீட் கணக்கு எழுதிய நோட்டுகளைப் பின்னாளில் புரட்டியபோது, நடுக்கம் வருவதற்கு முன்பே எழுத்துகள் சிறுத்துக்கொண்டே வந்திருந்ததைக் கண்டேன்.

நடுமூளையில் கரிய நிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில், டோபமைன் என்ற, நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளை உண்டாக்கும் செல்களில் பெரும்பங்கு அழிந்த பிறகே பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் வெளியே தெரிகின்றன. அந்த அழிவை எவ்வளவு முன்னதாகக் கண்டறியலாம் என்பது உலகெங்கும் ஆய்வகங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. தாத்தாவின் நோட்டு என்னை அதனிடம் கொண்டுபோய் விட்டது. உங்களுக்கும் அப்படி ஒரு குறுகிய கேள்வி வேண்டும். மூளை நோய்களைக் குணப்படுத்த வேண்டும் என்பது நல்ல ஆசைதான். ஆனால் அதை வைத்து நாளைக் காலையில் ஒரு சோதனையைத் தொடங்க முடியாது.

படிப்பு வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளஸ் டூவில் உயிரியலோடு கணிதமும் இருந்தால் நல்லது. நுழைவுத் தேர்வு எழுதி, விதுராவில் உள்ள திருவனந்தபுரம் ஐசரில் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) 5 ஆண்டுப் படிப்பில் சேரலாம். இடம் கிடைக்காவிட்டாலும், நாகர்கோவிலில் விலங்கியலோ வேதியியலோ படித்தவர்களுக்கு வழி அடைபட்டுவிடுவதில்லை. முதுகலைக்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால், முனைவர் பட்ட ஆய்வின் முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை உண்டு. அது மாதம் தவறாமல் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். எனக்கு ஒருமுறை 5 மாதம் வரவே இல்லை. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், மூளைத் திசு வங்கி நடத்தும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தாருக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும், ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் ரயிலில் போய்வரும் தூரத்திலேயே இருக்கின்றன. கல்லூரிக் காலத்திலேயே ஒரு கோடை விடுமுறையை ஓர் ஆய்வகத்தில் கழித்துவிடுங்கள். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது அங்கேதான் தெரியும்.

அங்கே முதலில் உங்கள் கையில் ஈக்களைத் தரக்கூடும். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை செல்களில் திரண்டு கிடக்கும் ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற மனிதப் புரதத்தைத் தன் நரம்பு செல்களில் உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பழ ஈ, சாதாரண ஈயைவிட இளம் வயதிலேயே மேலே ஏறும் திறனை இழக்கிறது. குழாயை மேசையில் தட்டினால் ஈக்கள் அனைத்தும் அடியில் விழும். 10 விநாடிக்குள் எத்தனை ஈக்கள் குழாயில் போட்ட கோட்டைத் தாண்டி ஏறுகின்றன என்று எண்ண வேண்டும். எந்தக் குழாயில் நோயுள்ள ஈ இருக்கிறது என்று தெரிந்தே எண்ணியபோது, கோட்டின் மேலேயே நின்ற ஈக்களை என்னையறியாமல் ஒரு பக்கமாகக் கழித்து, ஒரு மாத உழைப்பைப் பாழாக்கியிருக்கிறேன். ஆகவே குழாய்களுக்கு இன்னொருவரைக் கொண்டு எண் எழுதச் சொல்லி, கணக்கு முழுவதும் முடிந்த பிறகே எது எது என்று பிரித்துப் பாருங்கள். புள்ளியியலையும் கொஞ்சம் புரோகிராமிங்கையும் இதே காலத்தில் கற்றுவிடுவது நல்லது.

நோயாளிகளோடு வேலை செய்வதானால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். பள்ளிக்கூடம் போகாத ஓர் ஆச்சியிடம் கடிகாரம் வரையச் சொல்லி, வரையவில்லை என்றதும் மறதி நோய் என்று குறித்துவிடக் கூடாது. ஆங்கிலத் தேதி தெரியாதவர், அடுத்த அமாவாசைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லக்கூடும். தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்த நம் பிள்ளைகள் இத்தகைய ஆய்வுகளுக்குப் பெரிய பலம்.

பழைய கட்டுரைகளையும் படியுங்கள். 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தது 6 பேரைத்தான். அவர்களில் சிலரைத் தெருவில் கண்டே குறித்தார். நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்த விவரத்தை 1937-இல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்; அந்த வேதிப்பொருள் பார்க்கின்சன் நோய்க்கு மருந்தானது 1960-களில்தான். (மருத்துவரைக் கேட்காமல் அந்த விதையை யாருக்கும் அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.)

ஆய்வாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது மதிப்பெண் பட்டியலை முன்னால் வைக்காதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றை முழுமையாகப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒரு படத்தைக் குறிப்பிட்டு, எந்த இடத்தில் புரியவில்லை என்பதை 3 வரியில் கேளுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை எழுதுங்கள்.