உங்க கிளாஸ் எந்த லெவல்ல கண்ணு முழிக்கும்? வார்கிராஃப்ட் கிளாசிக்ல புதுசா வர்றவங்களுக்கு

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்ங்கிற ஆன்லைன் கேம்ல புதுசா வர்றவங்க ஒரு கிளாஸ (வேட்டைக்காரன், மந்திரவாதி, போர்வீரன்னு கேரக்டரோட வகை) எடுத்து லெவல் 15, 18 வரைக்கும் கஷ்டப்பட்டு கொண்டு போவாங்க, அப்புறம் இது வேஸ்ட்டுன்னு டெலீட் பண்ணிட்டு வேற ஒண்ணு ஆரம்பிப்பாங்க, அதுவும் 15ல வெறுத்துப் போகும், இப்படியே நாலு கேரக்டர் போயிடும், கடைசி லெவலான 60ங்கிற நம்பரையே பாத்திருக்க மாட்டாங்க. இது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கும். வாழை வெச்சா ஒரு வருஷத்துல தார் போட்டுடும், தென்னைக்கு அஞ்சாறு வருஷம் தண்ணி ஊத்தணும், நாம வெச்சது எதுன்னே தெரியாம ரெண்டாவது வருஷம் தென்னைய வெட்டிப் போடுற கதைதான் இது.

அதனால கேரக்டர் உருவாக்குறதுக்கு முன்னாடியே, இல்ல இப்ப பாதில நிக்குறீங்கன்னா இப்பவே, உங்க கிளாஸ் எப்ப விளையும்னு கண்டுபிடிச்சுக்கோங்க. நான் பாக்குறது ஒரே ஒரு விஷயம்தான், ஒரு சண்டைய முடிச்சதும் உட்காராம அடுத்த சண்டைக்குப் போக இந்த கிளாஸுக்கு எது வேணும்? ஹெல்த்தோ மானாவோ (ஸ்பெல் போட செலவாகுற சக்தி) தீந்து போயி உட்கார்ந்து சாப்பிடுற நேரம்தான் உங்க பொறுமைய தின்னுறது. அந்த நேரத்த கொறைக்கிற ஸ்கில் எந்த லெவல்ல வருதோ அதுதான் உங்க கிளாஸோட லெவல். இத தேட எங்கயும் போக வேணாம், கிளாஸ் ட்ரெய்னர் கிட்ட போயி ஃபில்டர்ல இன்னும் கத்துக்க முடியாத ஸ்கில்லையும் காட்டுற மாதிரி வெச்சுக்கோங்க, ஒவ்வொண்ணுக்கும் என்ன லெவல் வேணும்னு வரும். டேலண்ட் பாயிண்ட், அதாவது ட்ரீங்கிற பட்டியல்ல நமக்குப் புடிச்ச சிறப்புத் திறமைய எடுக்குற பாயிண்ட், லெவல் 10ல இருந்து லெவலுக்கு ஒண்ணு, அதனால ஒரு ட்ரீயோட கடைசி டேலண்ட் எப்படியும் 40க்கு முன்னாடி கைக்கு வராது.

சீக்கிரம் விளையுறதுல முதல் ஆளு ஹண்டர். லெவல் 10 வரைக்கும் எவனாவது பக்கத்துல வந்துட்டா அம்பு விட முடியாது, கையில இருக்குற கோடாலிய வெச்சு மல்லுக்கட்டணும். 10ல குவெஸ்ட் முடிச்சு ஒரு மிருகத்த பழக்கிட்டீங்கன்னா ஆட்டமே வேற, அடி அது வாங்கும், நீங்க தள்ளி நின்னு சுடலாம். வார்லாக்கும் அப்படித்தான், 10ல கூட நின்னு அடி வாங்குற வாய்ட்வாக்கர்ங்கிற பேய் வந்துடும், 40ல குதிரைக்கு மத்தவங்க சுமார் 100 கோல்டு சேக்கணும்னு அலையுறப்ப வார்லாக்குக்கும் பாலடினுக்கும் அது கிளாஸோடயே வந்துடும். ப்ரீஸ்டுக்கு ரகசியம் ஸ்பெல்லே இல்ல, வாண்டு, அதாவது தூரத்துல இருந்தே அடிக்கிற மந்திரக்கோல். லெவல் 5லயே என்சான்டிங் தொழில் தெரிஞ்ச பிளேயர் செய்யுற லெஸ்ஸர் மேஜிக் வாண்டு ஒண்ணு வாங்கிக்கோங்க, முதல் அஞ்சு டேலண்ட் பாயிண்ட்ட, எதிரிய கொன்னதும் மானாவ வேகமா ஏத்துற ஸ்பிரிட் டேப்ல போடுங்க, மானாவ தொடாமயே பாதி சண்டை முடியும். ஷேடோ ஸ்பெல்ல பலமாக்குற ஷேடோஃபார்ம் 40லதான்னாலும் நடுவுல கஷ்டம் தெரியாது.

20ல முழிக்கிறவங்க ட்ரூயிடும் மேஜும். ட்ரூயிடுக்கு 10ல கரடி வந்தாலும் அடி மெதுவாத்தான் விழும், 20ல பூனை வந்தப்புறம்தான் வேகம். மேஜ் எப்பவுமே நல்லா அடிக்கும்னாலும் அது தனி ரகமா மாறுறது 20ல ஒரு இடம் முழுக்க பனி கொட்டுற பிளிசார்டு கத்துக்கிட்டு, 22க்குள்ள இம்ப்ரூவ்ட் பிளிசார்டுல மூணு பாயிண்ட்டும் போட்டதுக்கு அப்புறம்தான், ஏழெட்டு பேர ஒண்ணா கூட்டிட்டு வந்து மெதுவா நடக்க வெச்சே கொன்னுடலாம். ஷாமன் 30 வரைக்கும் பொறுக்கணும். அந்த லெவல்ல விண்ட்ஃபியூரி வெப்பன் வரும், அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் 20 சதவீதம் சான்ஸ்ல கூட ரெண்டு அடி விழும், அதனால மெதுவா அடிக்கிற பெரிய ரெண்டு கை கோடாலியா பாத்து வெச்சுக்கோங்க, அத தூக்குறதுக்கான டேலண்ட் 20லயே கிடைக்கும்.

இப்ப வாரியருக்கு வர்றேன், அதிகமா டெலீட் ஆகுற கிளாஸ் இதுதான்னு எனக்கு ஒரு நெனப்பு, என்னோட முதல் வாரியரையும் நான் 17ல விட்டுட்டேன். வெஸ்ட்ஃபால்ல ஒரு டெஃபியாஸ் ஆள அடிப்பேன், முடியுறப்ப பாதி ஹெல்த் போயிருக்கும், அவன் சாவுற நேரத்துல இன்னொருத்தன் கூட வந்துட்டா நான் செத்தேன். காரணம் சிம்பிள், வாரியருக்கு தன்ன தானே ஹீல் பண்ணிக்க வழியே கிடையாது, அடியோட பலம் முழுக்க கையில இருக்குற ஆயுதத்துல இருந்துதான் வருது, லெவல் ஏறியும் ஆயுதம் பழசாவே இருந்தா நீங்க பின்னாடி போறீங்கன்னு அர்த்தம். ரெண்டாவது தடவ எடுத்தப்ப மூணு விஷயத்த மாத்தினேன். ஒண்ணு ஃபர்ஸ்ட் எய்டு, ஆரம்பத்துல கடையில வாங்குற ரொட்டி 18 செகண்ட்ல 61 ஹெல்த் தரும், லினன் பேண்டேஜ் 6 செகண்ட்லயே 66 தரும், ஒரு தடவ கட்டுனா அடுத்ததுக்கு ஒரு நிமிஷம் காத்திருக்கணும் அவ்வளவுதான், துணிய விக்காம எல்லாத்தையும் பேண்டேஜா தெச்சு வெச்சேன். ரெண்டு, காசு வந்தா முதல்ல ஆயுதம், அப்புறம்தான் மத்தது. மூணாவது என்னைய விட ஒண்ணு ரெண்டு லெவல் கம்மியா இருக்குற மான்ஸ்டர மட்டும் அடிச்சேன், சாவாம இருக்குறதே பெரிய வேகம்.

30 வந்ததும் கதை மாறும். ராச்செட் பக்கத்துல ஃப்ரே ஐலேண்டுன்னு ஒரு தீவு, அங்க பெர்சர்க்கர் ஸ்டான்ஸ் (சண்டை போடுற ஒரு நிலை) குவெஸ்ட முடிச்சீங்கன்னா அங்கிருந்து ஆல்டராக் மலைக்கு பாத்ராங்கிற ட்ரோல் கிட்ட அனுப்புவாங்க. அவரு கேக்குறதுல அரதி ஹைலேண்ட்ஸ் எலிமெண்டல்கள் கிட்ட இருக்குற சார்ம்ங்கிற பொருளும் உண்டு, கடைசில சைக்ளோனியன்னு ஒரு லெவல் 40 எலீட் (சாதாரண மான்ஸ்டர விட ரொம்ப பலமானது), 30ல இருக்குற நீங்க தனியா போனா நிக்க முடியாது. கில்டுல (பிளேயர்களோட குழு) வெக்கப்படாம உதவி கேளுங்க, எனக்கு ஹீலரா வந்த நண்பர் ஒரு ராத்திரி முழுக்க கூடவே இருந்தாரு. அதுக்குப் பரிசா வர்ற வேர்ல்விண்ட் ஆக்ஸ்ங்கிற கோடாலிய எடுத்துட்டு திரும்பி வந்து அடிச்ச முதல் பன்னி மூணு அடில விழுந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. அதே லெவல்ல, பக்கத்துல நிக்குற இன்னொருத்தனையும் சேத்து அடிக்கிற ஸ்வீப்பிங் ஸ்ட்ரைக்ஸ் டேலண்ட்டும் கைக்கு வரும், 36ல வேர்ல்விண்ட் ஸ்கில், 40ல மார்ட்டல் ஸ்ட்ரைக்கும் பிளேட் கவசமும். முன்னாடி ரெண்டு பேரு வந்தா ஓடுவேன், இப்ப ரெண்டாவது ஆள நானே தேடிப் போவேன்.

இன்னொண்ணையும் சொல்லியே ஆகணும், இந்த லெவல் கணக்கெல்லாம் தனியா ஆடுறவங்களுக்கு. கூட ஒரு ஹீலர் இருந்தா வாரியர் 10ல டிஃபென்சிவ் ஸ்டான்ஸும் எதிரிய தன் பக்கம் இழுக்குற டான்ட்டும் வந்ததுல இருந்தே ராஜாதான், டெட்மைன்ஸ் மாதிரி அஞ்சு பேரு குழுவா போற டஞ்சன்ல எல்லாரும் தேடுற ஆளு அவருதான். அதனால 17ல உங்களுக்கு வெறுத்துப் போச்சுன்னா கிளாஸ மாத்துறதுக்கு முன்னாடி கூட்டாளிய தேடுங்க.

60க்கு அப்புறம் கணக்கு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும், இப்ப லெவலுக்குப் பதிலா கியரும் (ஆயுதம், கவசம்) ரெய்டும் (பெரிய கூட்டமா போய் பாஸ்கள அடிக்கிற இடம்). ஆரம்ப ரெய்டான மோல்டன் கோர்ல நெருப்பு ஜீவன்கள்தான் எங்க பாத்தாலும், அங்க கடைசி பாஸ் ரக்னரோஸ் மேல நெருப்பு வேலையே செய்யாது, அதனால ஆரம்ப ரெய்டுல மேஜ் எல்லாம் ஃப்ராஸ்ட்தான், ஃபயர் மேஜோட காலம் பின்னாடி வர்ற ஆன்கிராஜ் ரெய்டு பக்கம் வந்தப்புறம்தான். 2019ல கிளாசிக் வந்தப்ப ஒரு பாஸ் மேல மொத்தமே 16 டீபஃப்தான் (எதிரி மேல ஒட்டிக்கிற பாதிப்பு) நின்னது, அதனால வார்லாக் ஆசையா வளத்த டாட் ஸ்பெல் (கொஞ்சம் கொஞ்சமா அடிக்கிறது) பலதையும் போடாம ஷேடோ போல்ட் மட்டும் விடச் சொன்னாங்க, அது அவங்க தப்பு கிடையாது. ஹண்டர் முதல் ரெய்டுல மேல நிப்பாரு, கியர் ஏற ஏற கொஞ்சம் கொஞ்சமா கீழ வருவாரு, வாரியர் அதுக்கு நேர் எதிர், கடைசி ரெய்டான நாக்ஸ்ராமஸ் வர்றப்ப டேமேஜ் லிஸ்ட்ல மேல வாரியர் பேரா இருக்கும்.

இப்ப பாதில நிறுத்தி வெச்ச கேரக்டர் இருந்தா அத திறந்து டேலண்ட் எங்க போட்டிருக்கீங்கன்னு பாருங்க. ஒரு ட்ரீல ரெண்டு, இன்னொண்ணுல மூணுன்னு செதறிக் கிடந்தா விளையுற லெவல் இன்னும் தள்ளிப் போயிருக்கும். ட்ரெய்னர் கிட்ட முதல் தடவ மாத்த 1 கோல்டுதான், அடுத்தது 5, அப்புறம் 10ன்னு ஏறி 50ல போய் நிக்கும், அதனால அந்த முதல் ஒரு கோல்ட அவசரப்பட்டு செலவு பண்ணாம எந்த ட்ரீன்னு முடிவு பண்ணிட்டு போங்க.