வயரிங் வேலைக்கு ஆள் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை இறங்கியதும் யாழ்ப்பாணத்தில் வயரிங் வேலைக்காரரின் போன் ஓயாது. அனேகமாக எல்லோருக்கும் ஒரே முறைப்பாடு: மின்சாரம் கசிந்தால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிச் ஏற்றிவிட்டால் நிற்குதில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது. புதிதாக வீடு கட்டியவர்களும், தொழிலுக்குப் புதிதாக வந்த பெடியன்களும் இதற்குச் செய்யும் வைத்தியத்தைப் பார்த்தால், நாங்கள் தொழில் பழகிய காலத்துக் கூத்துகள் அப்படியே திரும்ப நடக்கின்றன. ஈரக் கையால் சுவிச்சைத் தொடாதே என்பதையெல்லாம் எல்லோரும் அறிவார்கள், அதை விடுவோம். ஆள் பிடிப்பதில் நடக்கும் பிழைகள் வேறு.

ட்ரிப் சுவிச்சை ‘விழாமல் ஆக்கித் தருபவரை’ நம்புவது

எனக்கு இன்னும் கோபம் வருவது இதில்தான். கொக்குவில் பக்கம் ஒரு புது வீடு. மழை பெய்தால் ட்ரிப் சுவிச் விழும், தூக்கிவிட்டால் திரும்பவும் விழும். யாரையோ விசாரித்து ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் சுவிச்சுக்குள் வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் நேரே சேர்த்து, மூடியைப் போட்டுவிட்டுக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெளியிலிருந்து பார்த்தால் சுவிச் அங்கேதான் இருக்கிறது. “கெட்டிக்காரப் பெடியன், அதுக்குப் பிறகு ஒருநாளும் விழேல்லை” என்று வீட்டுக்கார அம்மா என்னிடமே புகழ்ந்தார். என்னைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு: வோஷிங் மெஷினைத் தொட்டால் கை விறுவிறுக்கிறதாம்.

லைனில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்ப்பதுதான் ட்ரிப் சுவிச்சின் வேலை. வித்தியாசம் வந்தால் எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு ஆளின் உடம்பு வழியாகவே கசிகிறது. வீடுகளுக்குப் போடுவது 30 மில்லிஅம்பியர் வகை. கசிவு அந்த அளவை எட்டுவதற்குள் வெட்டிவிடும். பக்கத்தில் வரிசையாக நிற்கும் எம்.சி.பி. இதைச் செய்யாது. வயர் சூடாகி எரியாமல் பார்ப்பது அதன் வேலை, இவ்வளவு சின்னக் கசிவு அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே விழுகிற சுவிச்சில் அனேகமாகப் பழுது இருக்காது, பழுதை வேறெங்கோ தேட வேண்டும்.

அந்த வீட்டில் அது கிணற்றடியில் இருந்தது. மோட்டருக்குப் போகும் கேபிளில் நிலத்துக்குக் கீழே ஒரு மூட்டு. அதற்குக் கறுப்பு டேப் மட்டும் சுற்றி, பைப்புக்குள் விட்டிருந்தார்கள். பைப் நிறையத் தண்ணீர். லைனிலிருந்து எர்த்துக்குக் கசிவு. எர்த்தாவது ஒழுங்காக இருந்ததா? வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே கொஞ்சத்திலேயே சுண்ணாம்புக்கல் தொடங்கிவிடும். எர்த் கம்பி இறங்கவில்லை என்றதும் மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு முழக் கம்பியில் முழு வீட்டையும் கட்டியிருந்தார்கள். கிணற்றடியில் கசிந்த மின்சாரம் நிலத்துக்குள் இறங்க வழியில்லாமல் எர்த் வயர் வழியே வந்து வோஷிங் மெஷின் உடம்பில் நின்றது. கடைசியில் முற்றத்தில் பதித்த கல்லைக் கிளப்பி, புதுக் கேபிள் இழுத்து, எர்த்துக்கு வேறிடத்தில் துளை போட வேண்டியதாயிற்று. முதல் ஆளுக்குக் கொடுத்த காசு தண்டம்.

வேலை தெரிந்தவர் எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பார். எதை ஏற்ற விழுகிறதோ அந்தச் சுற்றில் உள்ள பிளக்குகளைக் கழற்றுவார். எல்லாம் இறக்கியும் விழுந்தால், நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொடுகிறதா என்று தேடுவார். அப்புறம் மெகர் என்ற, வயரின் காப்புறை கசிகிறதா என்று பார்க்கும் மீற்றரை வைத்து 500 வோல்ட்டில் அளப்பார். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்தச் சுற்றுக்குக் கரண்ட் கொடுக்கமாட்டார்.

ஆள் பிடிக்கும்போது இதையே கேளுங்கள்: “தம்பி, ட்ரிப் விழுந்துகொண்டே இருந்தால் என்ன செய்வீர்?” கழற்றிவிடலாம் என்று பதில் வந்தால் ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மெகர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். டெஸ்டரை மட்டும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வருபவர் பல்ப் மாற்றட்டும், பரவாயில்லை.

ஏற்கெனவே யாராவது உங்கள் வீட்டுச் சுவிச்சில் கைவைத்திருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கரண்ட் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சுவிச் பழுது, இல்லாவிட்டால் நேரே இணைத்திருக்கிறார்கள். இன்னொன்று, அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும். எர்த்தை அளக்க வேறு மீற்றர் உண்டு.

சான்றிதழ் கேட்க வெட்கப்படுவது

என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையில் மின் வேலைக்கு 3ஆம், 4ஆம் மட்டங்கள் இருக்கின்றன. அதைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. காகிதம் இல்லாத பழைய கைகளும் இங்கே உண்டு, அவர்களில் சிலர் என்னைவிடச் சுத்தமாக வேலை செய்வார்கள். 1990இல் தொடங்கிப் பல வருடம் குடாநாட்டில் மின்சாரமே இல்லாமல் இருந்தோம், அந்த நாளில் சான்றிதழுக்கு எங்கே போவது? ஆனால் இன்றைக்கு அந்தச் சாட்டு சரிவராது. அனுபவத்தைச் சோதித்தே என்.வி.கியூ. தரும் முறை இருக்கிறது. முப்பது வயதுப் பெடியன் “எனக்கு அனுபவம் காணும்” என்றால் ஏன் போய்ச் சோதனைக்கு நிற்கவில்லை என்று கேளுங்கள்.

பொயின்ற் கணக்கில் மட்டும் விலை பேசுவது

ஒரு பொயின்றுக்கு, அதாவது ஒரு லைற்றுக்கோ பிளக்குக்கோ, இவ்வளவு என்று பேசினால், எண்ணக்கூடியது மட்டும்தான் கவனமாக நடக்கும். எர்த்தும் கடைசிச் சோதனையும் யாருடைய கணக்கிலும் வராது. அவற்றைத் தனியாக எழுதி, தனியாக விலை கேளுங்கள்.

வட்ஸ்அப் படத்தில் திருப்திப்படுவது

வெளிநாட்டில் இருந்து வீடு கட்டுவிப்பவர்களுக்கு வேலை முடிந்த பிறகு அழகான படங்கள் வரும். சுவர் பூசுமுன் எடுத்த படம் கேளுங்கள்.

மேசன் கூட்டிவரும் ஆளையே எடுப்பது

வேண்டாம்.

மீற்றர் சீலை உடைக்க விடுவது

மீற்றரும் சீலும் மின்சாரம் தரும் நிறுவனத்துடையவை, தனியார் வேலைக்காரர் யாரும் தொடக்கூடாது. அங்கே பழுதென்றால் 1987க்கு அழையுங்கள்.